சொல்வன்மையும் கேட்கும் அவையும்

வைகாசி மாதத்தில் கிழக்கிலங்கையின் கண்ணகி கோயில்களில் கதவு திறந்து சடங்கு நடக்கும் நாள்களில் ஒரு நூலைப் பாடுவார்கள். அதன் பெயர் ‘கண்ணகி வழக்குரை’. நெடுங்காலம் ஏட்டிலும் பாடுவோர் நாவிலும் இருந்த அதைப் பண்டிதர் வி. சீ. கந்தையா பதிப்பித்து 1968இல் அச்சில் கொண்டுவந்தார். கணவனை இழந்த ஒரு பெண் அரசனின் அவைக்குப் போய் நீதி கேட்ட கதை அது. அவள் கேட்ட கேள்வியையும் காட்டிய சான்றையும் வழிபாட்டின் நடுவில் வைத்து, கூடியிருப்போர் ஆண்டுதோறும் கேட்கிறார்கள். சிங்கள மக்கள் இதே தெய்வத்தைப் பத்தினி என்று வணங்குகிறார்கள். அவர்களுடைய சடங்குப் பாடல்களிலும் பாண்டியனின் அவை வருகிறது. கணநாத் ஒபயசேகர 1984இல் வெளியிட்ட பத்தினி வழிபாடு பற்றிய பெருநூல் அந்தப் பாடல்களை விரிவாகப் பேசுகிறது. ஒரு பெண் வழக்காடி வென்ற நிகழ்ச்சியை இந்தத் தீவின் இரு மொழியினரும் தெய்வக் கதையாக்கி வைத்திருக்கிறார்கள்.

சொல்வன்மை என்றால் என்ன என்று கேட்பவர்கள் இங்கிருந்து தொடங்கலாம் என்று நினைக்கிறேன். தமிழில் இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்பவர்கள் வழக்கமாக மேடையிலிருந்து தொடங்குகிறார்கள். அண்ணாவின் அடுக்குமொழி, பட்டிமன்ற நடுவரின் சிலேடை, கழகக் கூட்டத்தின் கைதட்டல் என்று பேச்சு போகிறது. அவற்றை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் திருகோணமலை மாவட்டத்தின் தென்முனையில், வெருகல் பிரதேச செயலகப் பிரிவில் இருக்கும் ஈச்சிலம்பற்றில் நின்று இதே கேள்வியைக் கேட்டால் விடை வேறாகிறது. கொட்டியார்க் குடாவுக்குத் தெற்கே, மகாவலியின் கிளையான வெருகலாறு கடலில் சேரும் இடத்துக்கு வடக்கே உள்ள நாடு அது. வடக்கே மூதூர், தோப்பூர் முஸ்லிம் ஊர்கள். மேற்கே சேருவில. தெற்கே ஆற்றைத் தாண்டினால் வாகரை. சோறும் வீதியும் காணி உறுதியும் யாரிடமாவது பேசித்தான் கிடைக்கும் என்ற நிலையில் வாழ்ந்த மக்கள். இங்கே சொல்லின் வலிமையை அளக்கும் கோல் கைதட்டல் இல்லை. கேட்டவர் தம் முடிவை மாற்றினாரா என்பதுதான்.

இந்த ஆற்றலுக்குத் தமிழில் பல சொற்கள் உண்டு. சொல்வன்மை, நாவன்மை, நாநலம், வாக்குவன்மை, பேச்சாற்றல், சொல்லாற்றல். அகராதிகள் ஒன்றுக்கு மற்றொன்றைப் பொருளாகத் தந்துவிட்டு நகர்ந்துவிடுகின்றன. வழக்கிலோ அவை ஒன்றாக இல்லை. நாவன்மை என்னும்போது மனம் பேசுபவரிடம் போகிறது. குரல், வேகம், தடையில்லாத ஓட்டம். சொல்வன்மை என்னும்போது சொன்ன சொல்லின் வலிமையை நினைக்கிறோம். மெல்லிய குரலில் சொன்னாலும் அது வலிதாக இருக்கலாம். கிழக்கில் ஊர்வழக்கு இரண்டையும் விட்டு வேறொன்றைப் பிடித்திருக்கிறது. ‘நல்லாக் கதைப்பார்’ என்பது பாராட்டு என்றாலும் அதில் சற்று ஐயம் கலந்திருக்கும். ‘எடுத்துச் சொல்லக்கூடிய ஆள்’ என்பதுதான் முழு மதிப்பு. அதிகாரியிடம் போகவேண்டிய நாளில், ‘நீங்க ஒருக்கா எடுத்துச் சொல்லுங்க’ என்று ஊர் யாரை முன்னே விடுகிறதோ அவர் வாயாடியாக இருப்பதில்லை. ‘கதைச்சுப் பார்ப்பம்’ என்ற தொடரில் சண்டையை நிறுத்தும் முயற்சியும், விலைபேசுவதும், சம்பந்தம் கேட்பதும், சமாதானம் செய்வதும் எல்லாம் அடங்கும்.

திருக்குறள் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரமே தந்திருக்கிறது என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அது எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதை நாம் போதிய அளவு கவனிப்பதில்லை. இனியவை கூறல், புறங்கூறாமை, பயனில சொல்லாமை ஆகிய மூன்றும் அறத்துப்பாலில் இல்லறவியலில் வருகின்றன. சொல்வன்மையோ பொருட்பாலில், 64ஆம் அதிகாரமான அமைச்சுக்கு அடுத்து, 65ஆவதாக நிற்கிறது. அதைத் தொடர்ந்து வருபவை வினைத்தூய்மை, வினைத்திட்பம், வினைசெயல்வகை, தூது. சொல்லுக்கு அடுத்த அடி செயல். நாட்டின் காரியத்தைப் பொறுப்பேற்றவனுக்கு வேண்டிய கருவியாகத்தான் வள்ளுவர் இந்த ஆற்றலை எண்ணியிருக்கிறார். இன்பத்துக்கோ புகழுக்கோ உரிய கலையாக எண்ணியதற்கு அந்த வரிசையில் தடயம் இல்லை.

அதிகாரத்தின் உள்ளடக்கமும் அப்படியே. ஆக்கமும் கேடும் சொல்லால் வரும் என்பதால் சோர்வுபடாமல் காத்துக்கொள்ளச் சொல்கிறார். கேட்பவரின் திறன் அறிந்து பேசச் சொல்கிறார். தான் சொல்லும் சொல்லை வெல்லும் வேறு சொல் இல்லை என்பதை அறிந்தபின் அதைச் சொல்லச் சொல்கிறார். பிறர் பேச்சின் பயனை எடுத்துக்கொள்வதையும் பேசுபவனின் தகுதியில் சேர்க்கிறார். நான் மிகவும் மதிப்பது ஒன்பதாம் குறளின் கருத்தை. குற்றமில்லாத சில சொற்களைச் சொல்லத் தெரியாதவர்கள்தாம் பல சொற்களைச் சொல்ல ஆசைப்படுவார்கள் என்பது அதன் சாரம். ஒரு மணிநேரப் பேச்சைத் திறமையின் அடையாளமாகக் கொண்டாடும் நம் விழாக்களில் இந்தக் குறளை மேற்கோள் காட்டக் கேட்டது அரிது. இவற்றோடு 72, 73ஆம் அதிகாரங்களான அவையறிதலையும் அவையஞ்சாமையையும் சேர்த்துப் படிக்கவேண்டும். பேசுபவனுக்குப் பத்துக் குறள் என்றால், அவன் நிற்கும் அவையைப் பற்றி இருபது.

கிரேக்கத்திலும் இதே கவலை இருந்திருக்கிறது. பேச்சுக்கலை உண்மையைத் தேடாமல் நம்பவைப்பதை மட்டும் தேடுகிறது என்று பிளேட்டோ ஐயப்பட்டார். அவருடைய மாணவர் அரிஸ்டாட்டில் அதை ஒரு துறையாக ஏற்று, பேசுபவரின் நம்பகம், கேட்பவரின் உணர்ச்சி, வாதத்தின் வலிமை என மூன்றாகப் பகுத்தார். இந்த மூன்றில் நம் பேச்சுப் பயிற்சிகள் நடுவில் உள்ளதை மட்டும் பெருக்கிக்கொண்டு போனதுதான் குறை.

பிளேட்டோவின் ஐயம் நியாயமானது என்பதற்குக் கொட்டியார்க் கரையே சான்று சொல்லும். புயலில் சேதமான ‘ஆன்’ என்னும் ஆங்கிலக் கப்பல் 1660இல் இந்தக் குடாவில் நின்றிருந்தபோது, கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆள்கள் வந்து, அரசனிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது என்று சொன்னார்கள். அந்த இனிய சொல்லை நம்பிக் கரையில் இருந்தவர்கள் சிறைப்பட்டார்கள். கப்பல் தலைவர் மறு ஆண்டே இறந்தார். அவருடைய மகன் ராபர்ட் நொக்ஸ் 1679இல்தான் தப்பிப் போனார். 1681இல் அவர் இலண்டனில் வெளியிட்ட நூல் இலங்கையைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பெரும் பதிவுகளில் ஒன்றாக இருக்கிறது. படையெடுக்காமல் சொல்லாலேயே ஆளைப் பிடிக்க முடிந்தது. பின்விளைவைப் பார்க்காமல் திறமையை மட்டும் பார்த்தால் அதையும் சொல்வன்மை என்றுதான் சொல்லவேண்டியிருக்கும். வள்ளுவர் உடனடுத்து வினைத்தூய்மையை வைத்த காரணம் இதுபோன்ற இடத்தில் விளங்குகிறது.

சங்கப் புலவர்களில் கோவூர்கிழாரை இங்கே நினைக்கவேண்டும். நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் சோழர் குடிக்குள்ளேயே போரிட்டபோது, எவர் தோற்றாலும் தோற்பது ஒரே குடி என்று எடுத்துச் சொன்னவர் அவர். மலையமானின் சிறு பிள்ளைகளை யானையின் காலில் இடப்போன நேரத்தில் கிள்ளிவளவன் முன்னே நின்று, அந்தப் பிள்ளைகள் யானையைக் கண்டு அழுகையை மறந்து, புதிய மன்றத்தைப் பார்த்து மருளும் நிலையைச் சொல்லி, கேட்டுவிட்டாய், இனி உன் விருப்பம் என்று நிறுத்தினார். புறநானூற்றில் அந்தப் பாட்டு மிகச் சிறியது. வேந்தனை மிரட்டவில்லை, துதிபாடவும் இல்லை. அவன் முன்னோரின் ஈகையையும் அந்தப் பிள்ளைகளின் முன்னோரின் ஈகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பேச்சுப் பயிற்சி தரும் எவரும் முதலில் கற்பிக்கவேண்டிய பாட்டு அது.

இருந்தும், இன்று நாம் காணும் பொதுமேடைப் பேச்சு இந்தப் பழமையிலிருந்து நேர்க்கோட்டில் வந்ததில்லை. அமெரிக்க மானிடவியலாளர் பர்னார்ட் பேட் இதை அழுத்தமாக வாதிட்டார். மதுரையில் திராவிட இயக்க மேடைகளை ஆராய்ந்து 2009இல் ஒரு நூல் தந்தவர். 2016இல் அவர் மறைந்தபின் 2021இல் வெளிவந்த இரண்டாவது நூலில், முன்பின் அறியாத திரளான பொதுமக்களை நோக்கித் தாய்மொழியில் உரையாற்றும் வழக்கம் புரொட்டஸ்தாந்து மிஷனரிகளின் பிரசங்கத்திலிருந்து வந்தது என்று காட்டினார். அந்த மாற்றம் நிகழ்ந்த இடம் ஈழம். 1847 டிசம்பர் 31இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயிலில் ஆறுமுகநாவலர் தம் முதற் பிரசங்கத்தைச் செய்தார். பேர்சிவல் பாதிரியாருடன் விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்து, மிஷனரிகளின் முறையை அருகிருந்து கண்டவர் அவர். கண்டதைச் சைவத்துக்காகக் கையாண்டார். 1849இல் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு அளித்த பட்டமே ‘நாவலர்’ என்பது. நா வல்லவர் என்னும் பொருள் கொண்ட அந்தச் சொல் பின்னர் அவருடைய இயற்பெயரையே மூடிவிட்டது.

பேட் சொன்னதில் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன். திரண்ட கூட்டம், நேரடி உரை, குறித்த நாள், குறித்த பொருள் என்ற அமைப்பு புதியதுதான். ஆனால் சொல்லால் மனத்தை மாற்றும் திறனை மிஷனரிகள் கொண்டுவரவில்லை. அது அவையிலும் கூத்துக்களரியிலும் ஊர்க்கூட்டத்திலும் முன்பே இருந்தது. பிரசங்கம் அதற்கு ஒரு புதிய இடத்தைத் தந்தது. இந்த வேறுபாட்டை மறந்ததால், மேடையில் நிகழ்வது மட்டுமே சொல்வன்மை என்ற எண்ணம் நமக்குள் ஊறிப்போயிற்று.

புதிய இடம் விரைவில் வேலை செய்யத் தொடங்கியது. 1908 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்களிடம் வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் பேசினார்கள். வேலைநிறுத்தம் நடந்தது. கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கிடைத்தன. அதே மார்ச்சில் பேசியவர்கள் சிறைக்குப் போனார்கள். இங்கே சொல்லுக்கும் விளைவுக்கும் இடையில் நாள்கணக்கே இருந்தது.

ஈழத்தில் அந்த இடைவெளி நீண்டுகொண்டே போனது. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறிய சில வாரங்களில், ஆகஸ்டில், தமிழரசுக் கட்சி திருகோணமலையில் மாநாடு கூட்டியது. வடக்கு கிழக்கின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் நடந்தே வந்து சேர்ந்தார்கள். அந்தத் தலைமுறையின் பெரும் பேச்சாளர் செ. இராசதுரை. 1956 முதல் மட்டக்களப்பின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். கம்பன் அனுமனுக்குச் சூட்டிய ‘சொல்லின் செல்வர்’ என்ற பட்டத்தைக் கிழக்கு அவருக்குக் கொடுத்தது. 1979இல் அவர் ஆளுங்கட்சியில் சேர்ந்து அமைச்சரானபோது, அவர் பேச்சில் வளர்ந்த பலருக்கு அது தாங்கமுடியாத அடியாக இருந்தது. அதே கட்சியின் தலைவர் சா. ஜே. வே. செல்வநாயகமோ மேடைப் பேச்சாளர் என்ற வகையில் சேராதவர். குரல் மெலிந்தது. பின்னாளில் நோயால் அது இன்னும் தளர்ந்தது. அவர் சொன்னதைக் கூட்டம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது. தந்தை என்று மக்கள் அழைத்தது அவரைத்தான். அரிஸ்டாட்டில் முதலில் வைத்த நம்பகம் என்பதை விளக்க ஈழ அரசியலில் இதைவிடத் தெளிவான காட்டு எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அந்த நம்பகமான சொல்லும் கொழும்பில் செல்லவில்லை. 1957 ஜூலையில் பிரதமர் பண்டாரநாயக்கவுடன் கைச்சாத்தான ஒப்பந்தம் 1958 ஏப்ரலில் கிழிந்தது. 1965இல் டட்லி சேனநாயக்கவுடன் செய்ததும் நிறைவேறவில்லை. பேசியவர்கள் தோற்றார்கள் என்று இதைப் படிப்பது தவறு. கேட்கவேண்டிய அவை கேட்கவில்லை. கண்ணகியின் கதையில் வாயில்காவலன் அவள் சொன்னதை அப்படியே உள்ளே கொண்டுபோனான். அரசன் அவளை உள்ளே அழைத்துக் கேட்டான். சிலம்பை உடைத்தபோது மாணிக்கம் தெறித்ததைக் கண்டு, தன் தேவியின் சிலம்பில் இருந்தது முத்து என்று தன் வாயாலேயே சொல்லியிருந்த அவன், தான் தவறியதை ஒப்புக்கொண்டான். அவளுடைய சொல்வன்மையில் பாதி அந்த அவையில் இருந்தது. கேட்கும் காவலன், கேட்கும் அரசன், சான்றை ஏற்கும் மனம். இவை இல்லாத இடத்தில் எந்த நாவலரும் ஊமைதான்.

வெருகல் பக்கத்து மக்களுக்கு இது ஏட்டுப் பேச்சில்லை. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்தது. 2006இல் மாவிலாற்றின் நீர்க்கதவு மூடப்பட்ட பிறகு போர் மூண்டபோது ஈச்சிலம்பற்று மக்கள் ஊரை விட்டு ஆற்றைக் கடந்து வாகரைக்குப் போனார்கள். அங்கும் இருக்கமுடியாமல் மட்டக்களப்பு முகாம்களுக்குப் போனார்கள். முகாமில் பதிவு, நிவாரண அட்டை, திரும்பிப் போக அனுமதி, காணாமல்போனவரைப் பற்றிய முறைப்பாடு, வீட்டுத்திட்டப் பட்டியல் என்று ஒவ்வொன்றும் ஒரு மேசைக்கு முன்னால் நின்று சொல்லவேண்டிய சொல்லாக இருந்தது. இந்த மேசைகளில் சொல் என்ன ஆகிறது என்பதை யாரும் பேச்சுக்கலையின் பகுதியாக எண்ணுவதில்லை. அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டுப் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. இருந்தாலும் பொலிஸ் நிலையத்தில் தமிழில் சொன்ன முறைப்பாடு சிங்களத்தில் எழுதப்பட்டு, சொன்னவர் வாசிக்க முடியாத தாளில் கையொப்பம் வைப்பது வடக்கு கிழக்கில் பலர் சந்தித்த அனுபவம். தாய் ஒருத்தி பொங்கி அழுது சொன்னது மூன்று வரியாகச் சுருங்கி இன்னொரு மொழியில் உட்காருகிறது. அவளுடைய சொல்லின் வலிமை எங்கே போயிற்று?

2010இல் அமைக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன்னும், 2016இல் நல்லிணக்கப் பொறிமுறைகளுக்காகக் கருத்துக் கேட்ட செயலணியின் முன்னும் வடக்கு கிழக்கின் சாதாரண மக்கள், அதிலும் பெண்கள், ஏராளமாகச் சாட்சியம் சொன்னார்கள். எந்தப் பயிற்சியும் இல்லாதவர்கள். நாள், இடம், உடுத்திருந்த உடை, அழைத்துப்போனவர் சொன்ன சொல் என்று ஒழுங்காக எடுத்துச் சொன்னார்கள். அடுக்குமொழி ஒன்றும் கிடையாது. அறிக்கைகள் 2011 இறுதியிலும் 2017 தொடக்கத்திலும் வெளியாயின. நவீன தமிழின் சொல்வன்மைக்கு எடுத்துக்காட்டு தொகுக்க எவராவது முன்வந்தால் அந்தச் சாட்சியங்களை முதற்பகுதியில் வைக்கவேண்டும் என்பது என் திடமான கருத்து.

ஊருக்குள் அவை இல்லாமலில்லை. வெருகல், வாகரைக் கரையோரத்தில் வாழும் வேடர் வழிவந்த மக்களை மானிடவியலாளர்களான செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட நூலில் தனி இயலாக எழுதியிருக்கிறார்கள். தமிழ் பேசும் அம்மக்களின் சடங்குகளில் தெய்வம் ஏறி ஆடுபவர் கட்டுச் சொல்வார், வாக்குச் சொல்வார். அந்த நேரத்தில் அவர் ஏழையா, பெண்ணா, படிக்காதவரா என்று யாரும் பார்ப்பதில்லை. ஊர்ப் பெரியவரின் முகத்துக்கு நேரே சொல்லமுடியாததைத் தெய்வத்தின் வாக்காகச் சொல்ல முடிகிறது, ஊரும் அடங்கிக் கேட்கிறது. அதிகாரமில்லாதவருக்கு ஓர் அவையைக் கூட்டித்தரும் ஏற்பாடு என்றே நான் அதை மதிக்கிறேன். கூத்திலும் இதற்கு இடமுண்டு. எதிரெதிர் நிற்கும் இரு பாத்திரங்கள் தருப் பாடல்களில் மாறிமாறித் தர்க்கம் புரியும்போது, களரியைச் சுற்றி இருப்பவர்கள் இருவர் பக்கத்து நியாயத்தையும் கேட்டே ஆகவேண்டும். ‘மதங்க சூளாமணி’ என்னும் நாடக ஆய்வு நூலை எழுதிய சுவாமி விபுலாநந்தர் 1925இலிருந்து சில ஆண்டுகள் திருகோணமலை இந்துக் கல்லூரியில் பணியாற்றியவர் என்பதையும் இந்த மாவட்டம் நினைவில் வைக்கவேண்டும். அதற்கும் முன்னரே, 1892இல், திருகோணமலை த. சரவணமுத்துப்பிள்ளை ‘தத்தைவிடு தூது’ என்னும் சிறு நூலில் பெண்ணின் உரிமைக்காகத் தூது இலக்கிய வடிவத்தையே வாதமாக்கினார். தலைவனைக் கெஞ்சுவதற்கென்று இருந்த வடிவம் அவர் கையில் சமூகத்தைக் கேள்வி கேட்டது.

இன்றைய பிள்ளைகள் இந்தச் செல்வத்தைச் சந்திக்கும் வாயில் தமிழ்மொழித் தினப் போட்டி. பாடசாலை, கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் என்று படிப்படியாக ஏறும் அந்தப் போட்டிகள் எத்தனையோ கிராமத்துப் பிள்ளைகளுக்கு முதல் மேடையைத் தந்திருக்கின்றன. ஆனால் பேச்சுப் போட்டியில் பெரும்பாலும் நடப்பது, பெரியவர் எழுதிக்கொடுத்ததை மனப்பாடம் செய்து, கையை உயர்த்தும் இடத்தில் உயர்த்தி, ஐந்து நிமிடத்தில் முடிப்பது. கேட்பவர் எவரும் மனம் மாறவேண்டிய தேவை அங்கே இல்லை. எதிர்க்கேள்வியும் இல்லை. விவாதப் போட்டியில் கொஞ்சம் உயிர் இருக்கிறது. அங்கும் எதிரணியின் சொல்லைக் கேட்டு அதன் பயனை எடுத்துக்கொண்டதற்குப் புள்ளி கொடுப்பதாக நான் கண்டதில்லை. குறள் கேட்ட தகுதிகளில் பாதியை நாம் பாடத்திட்டத்திலேயே விட்டுவிட்டோம்.

ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். மூதூர் வலயத்தின் சிறிய கோட்டங்களிலாவது இதைத் தொடங்குங்கள். யானை வயலுக்குள் வருவதையும், கடைசி பஸ் நேரத்தோடு வராததையும், குளத்து நீர் பங்கிடுவதையும் பிள்ளைக்குப் பொருளாகக் கொடுங்கள். எதிரே ஓர் அதிகாரியாக இன்னொரு பிள்ளையை உட்காரவையுங்கள். எதிரே இருப்பவர் என்ன கேட்டார், அதற்கு என்ன சான்று காட்டப்பட்டது, அவர் முடிவு மாறியதா என்று பார்த்துப் புள்ளியிடுங்கள். அதே பிள்ளையைச் சிங்களத்திலும் அந்த வழக்கைச் சொல்லப் பழக்குங்கள், சேருவிலப் பிள்ளை தமிழில் சொல்லப் பழகட்டும். வழக்குரையை முழுமையாகப் பாடத் தெரிந்த முதியவர்கள் உங்கள் ஊரில் இருந்தால், வரும் வைகாசிக்கு முன் அவர்களிடம் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். குரலைப் பதிவு செய்து பாடசாலையில் வையுங்கள்.